தூள் பிறக்கும் இடத்திலேயே பிடியுங்கள்: வீட்டு மரப்பட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு நாள் இரவு, வேலையெல்லாம் முடித்து, தரையைப் பெருக்கி, இயந்திரங்களைத் துடைத்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். கதவைச் சாத்தும்போது கையிலிருந்த டார்ச் வெளிச்சம் அறையின் குறுக்கே விழுந்தது. சுத்தமாகிவிட்டது என்று நான் நம்பிய காற்றில் எண்ண முடியாத துகள்கள் மெல்ல மிதந்துகொண்டிருந்தன. ரம்பத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை மரத்தூள் என்றால் எனக்குத் தரையில் குவிவது மட்டும்தான். பெருக்கி அள்ளினால் தீர்ந்தது.

மேலே படிப்பதற்கு முன் நீங்களும் ஒரு முறை இதைச் செய்து பாருங்கள். பத்து நிமிடம் சாண்டரை (உப்புத்தாள் பொருத்தி மரத்தைத் தேய்க்கும் மின்கருவி) ஓட்டுங்கள், அரை மணி நேரம் காத்திருங்கள், விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பட்டறையில் எந்த மாற்றம் செய்தாலும் அது பலித்ததா என்று சொல்ல இதைவிட எளிய கருவி கிடையாது. செலவும் இல்லை.

செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தூளைக் குறைவாக உண்டாக்க வேண்டும். பிறகு, உண்டாவதை அங்கேயே பிடிக்க வேண்டும். தப்பியதைக் காற்றிலிருந்து வடிகட்ட வேண்டும். முகக்கவசம் கடைசி அரண். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஒரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, அடுத்த மாதம் கூரையில் ஒரு காற்று வடிகட்டியைத் தொங்கவிட்டு, கடைசியில்தான் ரம்பத்துக்குக் குழாய் பொருத்துகிறோம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

படி 1: எந்தத் தூள் ஆபத்தானது?

பிளேனர் (பலகையைச் சீவிச் சமமாக்கும் இயந்திரம்) உமிழும் பெரிய சீவல்கள் இடைஞ்சல்தான். ஆனால் அவை நுரையீரலுக்குள் போவதில்லை. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 10 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள்தான் மூச்சோடு உள்ளே இறங்குகின்றன. அவற்றிலும் 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை நுரையீரலின் ஆழம் வரை போகும். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ அரை நாளுக்கும் மேல். நான் பெருக்கி முடித்த பிறகும் காற்றில் மிதந்தவை இந்த ரகம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் வரிசையில் சேர்த்தது. மூக்கின் உட்குழியும் அதைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் தொழிற்சாலைத் தூளில் நின்றவர்களின் நிலையும் வார இறுதியில் ஓர் அலமாரி செய்பவரின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் நம்முடையது சிறிய மூடிய அறை. அதே காற்றைத்தான் நாள் முழுவதும் இழுக்கிறோம்.

எல்லா மரமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஈட்டி வகை மரங்களின் தூள் சிலருக்குத் தோல் தடிப்பை உண்டாக்கும். தேக்குத் தூளும் அரிப்பைக் கொடுப்பதுண்டு. மேற்குச் செந்தேவதாரு (வெஸ்டர்ன் ரெட் சிடார்) ஆஸ்துமாவைத் தூண்டுவதில் பேர்போனது. மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையை அறுத்தால் வரும் தூள் மாவு போல நுண்ணியது. போதாததற்கு அதில் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின் வேறு. ஒவ்வாமை முதல் நாளிலேயே வர வேண்டும் என்றில்லை. பத்து ஆண்டுகள் ஒன்றும் செய்யாத மரம் பதினோராவது ஆண்டில் தும்மலையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரலாம்.

படி 2: தூளையே குறைப்பது

மழுங்கிய ரம்பம் மரத்தை வெட்டுவதில்லை, அரைக்கிறது. பல் கூராக இருந்தால் துணுக்குகள் பெரிதாக விழும்; பெரிய துணுக்கைப் பிடிப்பதும் எளிது. தீட்டும் செலவைத் தூள் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது உப்புத்தாள். வீட்டுப் பட்டறையில் நுண்தூளின் பெரும்பங்கு தேய்க்கும் வேலையில்தான் பிறக்கிறது. நன்றாகத் தீட்டிய இழைப்புளியாலோ தகட்டுச் சுரண்டியாலோ மேற்பரப்பை முடித்தால் விழுவது சுருள். அது காற்றில் மிதக்காது. முழுவதும் உப்புத்தாளை ஒதுக்கச் சொல்லவில்லை. 80, 120, 180 என்று தாளின் சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே மூன்று சுற்றுத் தேய்ப்பதற்குப் பதில், இழைப்புளியால் முடித்துவிட்டு 180 மட்டும் ஒரு முறை ஓட்டினாலே வித்தியாசம் தெரியும்.

எம்.டி.எஃப், பிளைவுட் பலகைகளை வாங்கும் இடத்திலேயே அளவுக்கு அறுத்துத் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால், வட்ட ரம்பத்தோடு வெளியே திறந்தவெளிக்குப் போய்விடுங்கள். பெருமைக்குரிய தீர்வு அல்ல. ஆனால் எந்த இயந்திரத்தையும்விட நன்றாக வேலை செய்கிறது.

படி 3: பிறக்கும் இடத்தில் பிடிப்பது

எவ்வளவு பெரிய உறிஞ்சியை வாங்கினாலும், ரம்பத்தின் வாயருகே தூளைச் சுற்றி வளைக்கும் உறை சரியில்லை என்றால் பயனில்லை. குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனாலே இழுவை கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். நிற்கும் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாதே, அதே கதைதான். ஆகவே உறிஞ்சியைப் பற்றி யோசிக்கும் முன் ஒவ்வொரு இயந்திரமும் தூளை எந்தப் பக்கம் எறிகிறது என்று உட்கார்ந்து பாருங்கள்.

மேசை ரம்பத்தில் பெரும்பகுதி தூள் கீழே போகும். அடிப்பெட்டியில் மோட்டார் சாய்வதற்காக விடப்பட்டிருக்கும் பெரிய இடைவெளிகளை அட்டையோ காந்தத் தாளோ வைத்து மூடுங்கள். முழுக்க அடைக்காதீர்கள், காற்று உள்ளே வராமல் எதையும் இழுத்துச் செல்ல முடியாது. மீதித் தூளைப் பற்களே சுமந்துகொண்டு மேலே வந்து நேராக உங்கள் முகத்தை நோக்கி எறியும். பலகையின் ஓரத்தை மட்டும் மெல்லிய கீற்றாகச் சீவும்போது இது மிக மோசம். இதற்கு மருந்து, குழாய் இணைப்புள்ள மேல்மூடி. விரலையும் காக்கும், மூச்சையும் காக்கும்.

மேலிருந்து இறங்கிப் பலகையைக் குறுக்கே வெட்டும் மைட்டர் ரம்பம்தான் இந்தக் கூட்டத்தில் அடங்காப்பிடாரி. தூளைப் பின்பக்கம் விசிறி எறியும். கூடவே வரும் சின்னப் பை பாதியைக்கூடப் பிடிக்காது. பின்பக்கத்தைச் சுற்றி மூன்று பக்கமும் அடைத்த ஒரு பெட்டியைப் பிளைவுட்டில் செய்து, அடியைச் சரிவாக்கி, சரிவின் முடிவில் 100 மில்லிமீட்டர் குழாயைப் பொருத்துங்கள். பல்லின் பின்னால் தொங்கும் ரப்பர் மடலை அகலமாக்கினால் இன்னும் நல்லது. அப்படியும் முழுதாக அடங்காது. என்னுடையதைக் கடைசியில் ஜன்னலோரத்துக்கு மாற்றிவிட்டேன்.

சாண்டரின் கதை நேர் எதிர். அளவில் சிறியது, தூளில் கொடியது; ஆனால் பிடிக்க மிக எளிது. அதன் சொந்தப் பையைக் கழற்றி வைத்துவிட்டு வாக்குவம் கிளீனரின் குழாயை மாட்டுங்கள். உப்புத்தாளின் துளைகளும் அடித்தட்டின் துளைகளும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். வலைத் தாள் கிடைத்தால் இந்தத் தொல்லையும் இல்லை. இழுவை அதிகமானால் சாண்டர் மரத்தோடு ஒட்டிக்கொண்டு குதிக்கும். அப்போது இழுவையைச் சற்றுத் தணியுங்கள். முழு வழிகாட்டியிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

ரவுட்டர் மேசையில் ஓர் இடத்தில் மட்டும் குழாய் வைத்தால் போதாது. விளிம்பைக் கடையும்போது தூள் வேலிப் (மரத்தை அணைத்துத் தள்ளும் தடுப்பு) பக்கம் வரும், பள்ளம் தோண்டும்போது அடியில் கொட்டும். வேலியில் ஒரு வாய், மோட்டாரைச் சுற்றிய பெட்டியில் ஒரு வாய். பட்டை ரம்பத்தில் மேசைக்கு நேர் கீழே, பட்டை மரத்தை விட்டு வெளியேறும் இடத்தில் குழாய் இருக்க வேண்டும். பலவற்றில் அது அடிக்கதவின் மூலையில் மட்டுமே இருப்பதால், தூள் சக்கரத்தைச் சுற்றி வந்து ரப்பர் பட்டியில் அப்பிக்கொள்கிறது. பிளேனரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய சீவல்கள், பெரிய குழாய், அடிக்கடி நிரம்பும் பீப்பாய்.

படி 4: எந்த உறிஞ்சி?

இரண்டு வகை இருக்கின்றன; ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. வாக்குவம் கிளீனர் குறைந்த காற்றை மிகுந்த அழுத்தத்தோடு இழுக்கும். தண்ணீரை ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரம் ஏற்றிவிடும் இழுவை அது. ஆனால் மணிக்கு 200 கன மீட்டர் அளவில்தான் காற்று நகரும். தூள் சேகரிப்பான் அதற்கு நேர்மாறு. தண்ணீரைக் கால் மீட்டர் ஏற்றினால் அதிகம், காற்றோ அதைப் போலப் பல மடங்கு.

குழாயின் விட்டம் சிறியதாக இருக்கும் சாண்டர், கை ரவுட்டர், கை வட்ட ரம்பம் ஆகியவற்றுக்கு வாக்குவம் கிளீனர். மேசை ரம்பம், பிளேனர், பட்டை ரம்பம் ஆகியவற்றுக்குத் தூள் சேகரிப்பான். சேகரிப்பானின் வாயில் விட்டத்தைக் குறைக்கும் ரெடியூசர்கள் இரண்டு மூன்றை அடுக்கிச் சாண்டரை மாட்டினால் இரண்டும் கெட்டுவிடும். விட்டம் 100 மில்லிமீட்டரிலிருந்து 50-க்குக் குறைந்தால் குழாயின் பரப்பு பாதியாவதில்லை, கால்பங்காகிறது.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் சீவல் தேங்காமல் ஓடக் காற்றின் வேகம் விநாடிக்கு சுமார் 20 மீட்டர் இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் வர மணிக்கு ஏறத்தாழ 565 கன மீட்டர் காற்று தேவை. சேகரிப்பானின் பெட்டியில் இதைவிட இரண்டு மூன்று மடங்கு அச்சடித்திருப்பார்கள். அது குழாயும் வடிகட்டியும் இல்லாமல் வெறும் விசிறியை ஓடவிட்டு அளந்தது. பாதி கிடைத்தால் மகிழ்ச்சி என்று எண்ணி வாங்குங்கள்.

இடமோ பணமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் வாக்குவம் கிளீனர். சாண்டரின் நுண்தூள் அதில் அடங்கிவிடும். பிளேனரின் சீவலைப் பெருக்கி அள்ளிக்கொள்ளலாம்.

படி 5: நடுவில் ஒரு சுழல் பிரிப்பான்

கூம்பு வடிவப் பிரிப்பானை ஒரு வாளியின் மூடியில் பொருத்தி, இயந்திரத்துக்கும் உறிஞ்சிக்கும் நடுவில் வையுங்கள். காற்று சுழன்று இறங்கும்போது கனமான தூள் சுவரில் மோதி வாளியில் விழும். லேசான காற்று மட்டும் உறிஞ்சிக்குப் போகும். வடிகட்டி அடைபடாததால் இழுவை நாள் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும்.

இதில் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். வாளியின் மூடியில் சிறிய கசிவு இருந்தாலும் கீழிருந்து காற்று புகுந்து, விழுந்த தூளை மறுபடி மேலே கிளப்பிவிடும். மற்றொன்றை நான் அனுபவத்தில் கற்றேன். மெல்லிய பழைய பெயிண்ட் வாளி ஒன்றை வைத்திருந்தேன். ஒரு மரத்துண்டு குழாயை அடைத்த மறுகணம், வாளி படாரென்று உள்ளே நசுங்கிக் காகிதப் பை போலாகிவிட்டது. தடித்த சுவருள்ள வாளியை எடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் கொட்டிவிடுங்கள். அதற்கு மேல் நிரம்பினால் எல்லாம் வடிகட்டிக்குத்தான் போகும்.

படி 6: குழாய்கள்

இயந்திரத்தைச் சேகரிப்பானுக்கு அருகே தள்ளிக்கொண்டு போக முடிந்தால் குழாய் வலையே வேண்டாம். சக்கரம் வைத்த இயந்திரம், ஒரே ஒரு குட்டைக் குழாய் என்பதுதான் சிறிய பட்டறைக்கு உகந்த அமைப்பு.

குழாய் போட்டே ஆக வேண்டும் என்றால் உள்சுவர் வழவழப்பான பி.வி.சி. குழாயைப் பயன்படுத்துங்கள். வளையும் ஹோஸின் உள்ளே இருக்கும் வரிகள் காற்றைப் பல மடங்கு தடுக்கும்; கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் அதை வையுங்கள். நேர் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி, டி இணைப்புக்குப் பதில் ஒய் இணைப்பு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஷட்டர் இருக்கட்டும்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறங்கள். மூட்டுகளைப் பசையால் ஒட்டாமல் டேப் சுற்றுங்கள். அடைப்பு என்றைக்காவது வந்தே தீரும், அன்று கழற்ற வேண்டியிருக்கும். கசிவைக் கண்டுபிடிக்க மூட்டின் அருகே மெல்லிய நூலைப் பிடித்தால் போதும், உள்ளே இழுபடும்.

படி 7: வடிகட்டி

மலிவான சேகரிப்பானோடு வரும் துணிப்பைகள் பல 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தூளைத்தான் நம்பிக்கையாகப் பிடிக்கும். பெரிய தூளை அடக்கி, நுரையீரலுக்குப் போகக்கூடியதை அறை முழுவதும் சீராகத் தெளித்துவிடும் கருவி அது. சேகரிப்பானைப் போட்ட பிறகு டார்ச் சோதனை முன்பைவிட மோசமானால் காரணம் இதுதான். 1 மைக்ரான் பைக்கோ மடிப்பு வடிகட்டிக்கோ மாறுங்கள். வாக்குவம் கிளீனரில் உள்பையும் அதன் பின்னால் ஹெப்பா வடிகட்டியும் இருக்கட்டும். ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும்.

காலநிலை இடம் கொடுத்தால் சேகரிப்பானையே வெளியே வைத்து, காற்றை அங்கேயே விட்டுவிடலாம். அறைக்குள் எரிவாயு ஹீட்டர் இருந்தால் மட்டும் எச்சரிக்கை. வெளியேறும் காற்றை ஈடுகட்ட ஜன்னல் திறந்திராவிட்டால் அதன் புகை உள்ளே திரும்பும்.

படி 8: அறையின் காற்று

இத்தனைக்கும் பிறகு தப்பியதைப் பிடிக்கத்தான் காற்று வடிகட்டி. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் அறையில் 60 கன மீட்டர் காற்று. மணிக்கு எட்டு முறை அது வடிபட வேண்டும் என்றால் 480 கன மீட்டர் திறன் தேவை. மெர்வ் 13 தர (நுண்துகளையும் பிடிக்கும் தரம்) வடிகட்டியை ஒரு பெட்டி விசிறியின் பின்னால் இடைவெளியில்லாமல் ஒட்டினாலே உருப்படியான கருவி கிடைத்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள். தூளை உங்கள் மூக்கின் வழியாக இழுத்துக்கொண்டு போகும். வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் ஓடட்டும். அதற்குள் காற்று நான்கு முறை மாறியிருக்கும். நல்ல வடிகட்டியாக இருந்தால் மிதந்ததில் நூற்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும்.

எதிரெதிர் ஜன்னல்கள் இருந்தால், ஒன்றில் வெளிப்பக்கம் ஊதும் விசிறி. அவ்வளவுதான்.

படி 9: முகக்கவசம்

என்95 அல்லது எஃப்எஃப்பி2 போதும். நீண்ட நேரம் தேய்ப்பவர்களுக்குப் பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் கவசம் வசதியானது. துணிக் கவசம் நுண்தூளைத் தடுக்காது. தாடி வைத்திருப்பவர்களுக்கு எந்த இறுக்கமான கவசமும் சரியாகப் பொருந்தாது, ஓரத்தில் கசியும். வடிகட்டிய காற்றை முகத்துக்கு ஊதும், விசிறி வைத்த தலைக்கவசம்தான் வழி. ரம்பத்தை நிறுத்தியதும் கவசத்தைக் கழற்றும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. காற்றில் தூள் மிகுந்திருக்கும் நேரமே அதுதான்.

படி 10: சுத்தம் செய்வது

அமுக்கக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதை விட்டுவிடுங்கள். படிந்து ஓய்ந்த தூளை மறுபடி மூச்சு மட்டத்துக்கு எழுப்பும் வேலை அது. வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். துடைப்பம்தான் பழக்கம் என்றால், லேசாக ஈரப்படுத்திய மரத்தூளைத் தரையில் தூவிப் பெருக்குங்கள். நுண்தூள் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். விளக்கின் மேல்புறம், அலமாரியின் உச்சி, விசிறி இறக்கை ஆகியவற்றை மாதம் ஒரு முறையாவது துடையுங்கள். உடையில் ஒட்டிய தூளைப் பட்டறையிலேயே உறிஞ்சிவிட்டு வீட்டுக்குள் போங்கள்.

படி 11: தீ

பி.வி.சி. குழாயின் நிலைமின்சாரம் பற்றி நிறையப் பேசப்படுகிறது. குழாயோடு ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி எர்த் செய்தால் சுருக்கென்ற அதிர்ச்சி குறையும், நல்லதுதான். ஆனால் வீட்டுப் பட்டறையைப் பற்றவைப்பது பெரும்பாலும் வேறு. இரும்பைக் கிரைண்டரில் தேய்க்கும் பொறியை மரத்தூள் உறிஞ்சியில் இழுப்பது ஒன்று. தூளுக்குள் புதைந்த ஒரு பொறி மணிக்கணக்கில் கனன்று, எல்லோரும் தூங்கிய பிறகு எரியும். அறுக்கும்போது பழைய ஆணியில் ரம்பம் பட்டாலும் இதே ஆபத்து உண்டு. அன்றைக்குப் பையைக் கொட்டி வெளியே வைக்காமல் நான் கதவைச் சாத்துவதில்லை.

ஆளிவிதை எண்ணெய் தடவிய துணி, நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதைச் சுருட்டித் தூள் குப்பையில் போடக் கூடாது. வெளியே விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள்.

படி 12: சேர்ந்த தூளை என்ன செய்வது?

சுத்தமான மரத்தின் நுண்தூளில் ஒரு சின்ன டப்பா அளவு எடுத்து, மரத்தின் பெயரை எழுதி வையுங்கள். மரப்பசையோடு குழைத்தால் சிறு விரிசல்களை அடைக்க உதவும். சிந்திய எண்ணெயை உறிஞ்சவும் தூள் நல்லது.

உரக்குழியில் போடலாம், அளவோடு. மரத்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பல நூறு பங்கு கரிமம் இருக்கிறது. உரம் மக்க முப்பதுக்கு ஒன்று என்ற விகிதம் வேண்டும். பச்சை இலையோ சாணமோ கலக்காமல் தனியாகக் கொட்டினால் மண்ணிலுள்ள நைட்ரஜனையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். எம்.டி.எஃப், பிளைவுட், பெயிண்ட் பூசிய மரம், மருந்தூட்டிய மரம் ஆகியவற்றின் தூளை உரத்திலும் சேர்க்கக் கூடாது, எரிக்கவும் கூடாது. பழைய மருந்தூட்டிய மரங்களில் ஆர்செனிக் இருக்கலாம். கறுப்பு வால்நட் மரத்தின் தூளைத் தோட்டத்திலிருந்தும் குதிரை லாயத்திலிருந்தும் தள்ளியே வையுங்கள். சில செடிகள் வாடும், அதன் மேல் நிற்கும் குதிரைகளுக்குக் குளம்பு வீங்கும்.

மீதியைக் குப்பைப் பையில் கட்டும் முன் மேலாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், முடிச்சுப் போடும்போது பையை அமுக்குகிற அந்த ஒரு நொடியில் நுண்தூள் முழுதும் முகத்தில் அடிக்கும்.